சுவீடன் சொந்தங்களைப் பார்க்கப் போகும் முன்

கேள்வி: நான் கோவையில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பிறகு அமெரிக்காவில், மினசோட்டாவில் இருக்கிறேன். கணவர் சுவீடிஷ் வம்சாவளி அமெரிக்கர். என் மாமனாரின் தாத்தா 1880களில் சுவீடனை விட்டு இங்கே வந்தவராம். மாமனாருக்கு இப்போது 78 வயது, முழங்கால் வலி வேறு. "நடக்க முடியும்போதே அந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும்" என்கிறார். வழிகாட்டியோடு போகும் ஒன்பது நாள் பூர்வீகப் பயணம் ஒன்றை அடுத்த ஜூனுக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். அங்குள்ள உறவினர்களைச் சந்திக்கவும் ஏற்பாடு செய்வார்களாம். எங்களிடம் இருப்பது ஒரு பழைய பைபிள், நாலைந்து புகைப்படங்கள், 'வெக்ஷோ' என்ற ஊர்ப் பெயர், 'ஜான்சன்' என்ற குடும்பப் பெயர், அவ்வளவுதான். எல்லா ஏற்பாட்டையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? என்ன கொண்டுபோவது? நான் சைவம், இந்திய பாஸ்போர்ட். எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் நான் போய் நின்றால் எப்படி இருக்குமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். பயண நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் இப்போதே கட்டிவிடாதீர்கள். இன்று உங்களிடம் இருக்கும் தகவலை வைத்து எந்த வழிகாட்டியாலும் உங்களைச் சரியான வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. ஜூனுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் கண்டுபிடிக்கக்கூடியதுதான்.

வெக்ஷோ என்பது பெரும்பாலும் மாமனாரின் தாத்தா பிறந்த ஊராக இருக்காது. மினசோட்டாவில் யாராவது கேட்டால் நீங்கள் அன்னூர், சூலூர் என்றெல்லாம் விளக்காமல் கோயம்புத்தூர் என்று முடித்துக்கொள்வீர்கள் இல்லையா, அப்படித்தான் அவரும் சொல்லியிருப்பார். ஸ்மோலண்ட் பகுதியில் க்ரோனோபெர்க் மாவட்டத்தின் தலைநகரம் வெக்ஷோ. சுற்றிலும் காடும் ஏரியும் கல்லுமாகக் கிடக்கும் சிற்றூர்களிலிருந்து போனவர்கள் எல்லோருமே 'வெக்ஷோக்காரர்கள்' ஆகிவிட்டார்கள். உங்களுக்குத் தேவை இரண்டு பெயர்: திருச்சபைப் பங்கின் பெயர் ஒன்று, அதற்குள் பண்ணையின் பெயர் ஒன்று. பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி, அங்கே அதைச் சொக்கென் என்பார்கள். பண்ணைப் பெயர் மட்டும் போதாது. 'ஹுல்ட்' என்ற பெயரில் ஸ்மோலண்டில் எத்தனையோ இடங்கள் உண்டு.

ஜான்சன் என்ற பெயரும் உங்களைக் கரை சேர்க்காது. சுவீடனில் அது யோஹான்சன், யோன்சன், யான்சன் என எதுவாகவும் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் கிராமத்து மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு, மகனுக்கு 'சன்', மகளுக்கு 'டோட்டர்' சேர்ப்பார்கள். 1901-ல் பெயர்ச் சட்டம் வந்த பிறகுதான் பரம்பரைப் பெயர் என்பது பொதுவானது. ஆகவே உங்கள் மாமனாரின் தாத்தாவுக்கும் அவருடைய அப்பாவுக்கும் வேறு வேறு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். இடையில் ரஸ்க், மூடிக், ஸ்டோல் மாதிரி சின்னதாக ஒரு பெயர் வந்தால் சந்தோஷப்படுங்கள். அவை படையில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பெயர்கள், சிப்பாய்களுக்கென்று தனிப் பதிவேடுகளும் இருக்கின்றன.

தேடலை மினசோட்டாவிலேயே தொடங்கலாம். பைபிளின் முன்பக்கம், பின்பக்கம், நடுவில் செருகியிருக்கும் தாள்கள், எல்லாவற்றையும் பாருங்கள். சுவீடனை விட்டுப் புறப்படுகிறவர் தன் பங்கு போதகரிடம் இடமாற்றச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து, இங்கே சேர்ந்த சபையில் கொடுப்பார். அந்தத் தாளோ அதன் குறிப்போ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், தாத்தா எந்த லூத்தரன் சபையில் உறுப்பினராக இருந்தார் என்று மாமனாரிடம் கேளுங்கள். சுவீடிஷ் குடியேறிகள் தொடங்கிய அகஸ்டானா சபைகள் தங்கள் பதிவேட்டில் உறுப்பினரின் பிறந்த தேதியோடு பிறந்த பங்கையும் எழுதி வைத்தன. அந்தப் பதிவேடுகளின் நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருள்கள் இல்லினாய் மாநிலம் ராக் ஐலண்டில், அகஸ்டானா கல்லூரியின் ஸ்வென்சன் ஆய்வு மையத்தில் இருக்கின்றன. உங்கள் ஊரிலேயே அந்தச் சபை இன்றும் இருந்தால் அலுவலக அலமாரியிலேயே மூலப் பதிவேடு இருக்கலாம். கல்லறைக் கல்லையும் பைபிளையும்விட இந்தப் பதிவேட்டைத்தான் நான் நம்புவேன். சொந்த ஊரின் பெயரைத் தெரிந்த ஒருவர், அதைக் கேட்டு எழுதியது அது.

பங்கின் பெயர் கிடைத்துவிட்டால் மீதி சுவீடனில். அங்கே லூத்தரன் திருச்சபை நூற்றாண்டுகளாக ஒவ்வொரு வீட்டையும் கணக்கெடுத்து எழுதி வைத்திருக்கிறது. போதகர் வீடு வீடாக மக்களைக் கூட்டி, வாசிக்கத் தெரிகிறதா, வேதபாட வினாவிடை மனப்பாடமா என்று சோதிப்பார். அந்தச் சோதனையின் பதிவேடுதான் உங்களுக்கு வேண்டியது. தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தெளிவான வண்ணப் படங்கள் வேண்டுமென்றால் ஆர்கிவ் டிஜிட்டல் என்ற கட்டணச் சேவை உண்டு.

அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயணம் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில்தான் நிற்கிறது. தலைப்பில் பண்ணையின் பெயர். கீழே குடும்பத் தலைவர், மனைவி, வயது வாரியாகப் பிள்ளைகள். ஒவ்வொரு வரியிலும் பிறந்த தேதி, பிறந்த பங்கு, அம்மை குத்தியாயிற்றா என்ற குறிப்பு, வாசிப்புக்கு மதிப்பெண் மாதிரி சில கீறல்கள். (பூட்டனார் வேதபாடத்தில் எவ்வளவு சுமார் என்று தெரிந்துகொள்வது பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம்.) ஊரைவிட்டுப் போனவரின் பெயர் மேல், இறந்தவரின் பெயர் மேல், ஒரு கோடு. ஓரத்தில் 'வட அமெரிக்கா' என்று சுருக்கெழுத்து, தேதி. உங்கள் ஆளைக் கண்டுபிடிக்க இந்தக் கோட்டைத் தேடுங்கள். கண்டுபிடித்ததும் அவரை விட்டுவிட்டு, அதே பக்கத்தில் கோடு விழாமல் இருக்கும் பெயரைப் பாருங்கள். அண்ணனோ தங்கையோ, யாரோ ஒருவர் ஊரிலேயே தங்கியிருப்பார். ஜூனில் உங்களுக்குக் காபி ஊற்றப்போவது அவருடைய பேரனோ கொள்ளுப்பேத்தியோதான்.

வம்சத்தைத் தேடுகிறவர்கள் பலரும் தாத்தா, அவருக்கு அப்பா, அவருக்குத் தாத்தா என்று மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறார்கள். 1700கள் வரை போய்விட்டு, "உயிரோடு யாருமே இல்லையா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். உறவினர் வேண்டுமென்றால் ஒரு படி ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து, கீழே இறங்க வேண்டும்.

இறங்குகிற வேலையைப் பயண நிறுவனத்தின் ஆய்வாளரிடமே விட்டுவிடுங்கள். பிற்காலப் பதிவேடுகளுக்குச் சில பழக்கமும் மொழியும் தேவை. சுவீடனில் மக்கள்தொகைப் பதிவு 1991 வரை திருச்சபையிடம் இருந்தது, அப்புறம் வரித்துறைக்குப் போய்விட்டது. ஒருவரின் பெயர், முகவரி, பிறந்த தேதியெல்லாம் பெரும்பாலும் அங்கே பொதுத் தகவல்தான், கேட்டால் கொடுப்பார்கள். நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் உறவு தேடுகிறவர்களுக்கு வரம்.

நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இதைச் சார்ந்ததுதான். "உறவினரைச் சந்திக்க ஏற்பாடு செய்வோம்" என்றால் என்ன பொருள்? யார் தேடுவது, கிடைத்த உறவுச் சங்கிலியை ஆதாரத்தோடு எழுத்தில் தருவார்களா? உறவினருக்கு முதல் கடிதம் போவது எப்போது? அவர்கள் விருப்பமில்லை என்று சொன்னால் அந்த நாளில் என்ன செய்வார்கள்? பேருந்து நிறைய இருபது குடும்பங்களா, அல்லது அன்று உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு காரும் மொழிபெயர்ப்பாளரும் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் வேறு நிறுவனம் பாருங்கள். சுவீடனில் ஆங்கிலம் பரவலாகப் பேசுவார்கள், உண்மை. ஆனால் எண்பது வயதுப் பாட்டி தன் பாட்டி சொன்ன கதையைச் சுவீடிஷில்தான் சொல்வார்.

உறவினருக்கு நிறுவனம் எழுதட்டும், நீங்களும் எழுதுங்கள். மின்னஞ்சலோ ஃபேஸ்புக் செய்தியோ வேண்டாம். முன்பின் தெரியாத அமெரிக்கர் "நாம் சொந்தம்" என்று திடீரென்று செய்தி அனுப்பினால் எந்த ஊரிலும் மோசடி என்றுதான் நினைப்பார்கள். காகிதக் கடிதம், ஒரே பக்கம், எளிய ஆங்கிலம். நீங்கள் யார், பொது முன்னோர் யார், எந்தப் பண்ணை, எத்தனை பேர் எந்தத் தேதியில் வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். தங்குமிடத்தைச் சொல்லிவிட்டாலே, வீட்டில் வந்து இறங்கிவிடுவார்களோ என்ற கவலை அவர்களுக்குத் தீரும். கடிதத்தோடு ஒரு பழைய படத்தின் நகலும் சின்ன வம்ச வரைபடமும் வையுங்கள். பதில் வரவில்லையென்றால் ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். வாசலில் போய் நிற்பது கூடாது.

அடுத்து, என்ன கொண்டுபோவது? மேப்பிள் சிரப் பாட்டிலும் மினசோட்டா டி-ஷர்ட்டும் இருக்கட்டும், தப்பில்லை. அவர்கள் உண்மையில் எதிர்பார்ப்பது வேறு. உங்களுக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. அவர்களுக்கு அவர் எங்கே போனார் என்று தெரியாது. சுமார் 1850 முதல் 1930 வரை ஏறத்தாழ 13 லட்சம் சுவீடர்கள் அமெரிக்கா போனார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் போயிருக்கும்போது, பின்னால் நின்ற வீடு எத்தனை இருக்கும் பாருங்கள். பல வீடுகளில் இன்றும் 'அமெரிக்கக் கடிதங்கள்' ஒரு பெட்டியில் கிடக்கும். முதல் பத்து வருடம் அடிக்கடி வந்த கடிதம், அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும், அப்புறம் இல்லை. யாரென்று தெரியாத குழந்தைகளின் படம், கீழே மினசோட்டா ஸ்டுடியோவின் பெயரோடு, அவர்கள் ஆல்பத்தில் ஒட்டியிருக்கும்.

ஆகவே அவர் வந்த பிறகு நடந்ததை நீங்கள் தயார் செய்யுங்கள். முதலில் என்ன வேலை, எங்கே நிலம், யாரைக் கல்யாணம் செய்தார், எத்தனை பிள்ளைகள், தவறிய பிள்ளைகள் யார், எந்தத் தலைமுறையோடு வீட்டில் சுவீடிஷ் நின்றது. மாமனாரை உட்காரவைத்து ஃபோனில் பதிவு செய்தாலே இதில் பாதி கிடைத்துவிடும். படங்களை நகலெடுத்து, பின்னால் பெயரும் வருடமும் எழுதி, அங்கேயே கொடுத்துவிட்டு வர ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். வம்ச வரைபடத்தை மேசையில் விரிக்கிற அளவுக்குப் பெரிய தாளில் அச்சடியுங்கள், கூடவே இரண்டு பென்சில். ஃபோன் திரையை எட்டுப் பேர் சேர்ந்து பார்க்க முடியாது. விரித்த தாள் என்றால், "இவர் பெயர் தப்பு, இவளுக்கு இன்னொரு தங்கை இருந்தாள்" என்று அவர்களே குனிந்து திருத்த ஆரம்பிப்பார்கள். அந்த வரைபடத்தில் உங்கள் பெயரையும், கோவையிலுள்ள உங்கள் அம்மா அப்பா பெயரையும் போடுங்கள். கேட்க ஆள் இல்லாமல் போகாது.

அதுதான் உங்கள் தயக்கத்துக்கு என் பதிலும். சுவீடனில் வசிப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். உங்களைப் பார்த்து யாரும் விழிக்கப்போவதில்லை. வயதானவர்கள் சபைக்குப் போகிறவர்களாக இருந்தால் தமிழ்நாடு காதில் விழுந்த பெயராகக்கூட இருக்கலாம். 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் முதல் பேராயர் ஒரு சுவீடர்தான், எர்ன்ஸ்ட் ஹ்யூமன். சிவகங்கைப் பக்கம் திருப்பத்தூரில் சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை இருப்பதையும் பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக்குப் போகும் நாள். இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். பத்து நிமிடம் முந்திவிட்டால் தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்திருங்கள். செருப்பு, ஷூ வாசலில் கழற்ற வேண்டும். உங்களுக்கு இது பாடமே இல்லை, அமெரிக்க மாமனாருக்குத்தான் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். குனியாமல் மாட்டக்கூடிய ஷூவும் ஓட்டையில்லாத சாக்ஸும் எடுத்துவையுங்கள். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க உங்களுக்கு வாய் கூசும், பிள்ளைகளுக்குக் கூசாது. அவர்களைப் பார்த்து நீங்களும் பழகிக்கொள்ளலாம்.

பலகாரத்தோடு காபி குடிக்கும் வேளைக்கு அங்கே ஃபீக்கா என்று பெயர். முதலில் ஏலக்காயோ இலவங்கப்பட்டையோ போட்ட பன், அப்புறம் கேக், அப்புறம் பல வகை பிஸ்கட், கடைசியில் கிரீம் கேக். முதல் சுற்றிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்தால் செய்தவருக்கு மனம் நிறையும். நீங்கள் சைவம் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அங்கே விருந்தாளியிடம் ஒவ்வாமை, உணவுப் பழக்கம் கேட்பது சாதாரணம், சங்கடப்பட எதுவுமில்லை. சொல்லாமல் போனால்தான் சங்கடம். ஸ்மோலண்டுக்காரர்கள் பெருமையோடு எடுத்துவைக்கும் உருளைக்கிழங்கு உருண்டைக்குள் பன்றி இறைச்சி இருக்கும். ஊஸ்ட்காக்கா என்ற பால் பலகாரம் அந்த ஊரின் சிறப்பு, கிரீமும் ஜாமும் போட்டுத் தருவார்கள். அதில் முட்டை உண்டு, பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பதும் உண்டு. முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பரிசாக மது பாட்டில் வேண்டாம். ஸ்மோலண்டின் சில பகுதிகளில் கிறிஸ்தவப் பக்தி இயக்கங்களும் மதுவிலக்குச் சங்கங்களும் ஆழமாக வேரூன்றியவை. நெய், பால்கோவா எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. சென்னிமலைக் கைத்தறி மேசை விரிப்பு ஒன்று நல்ல பரிசு. காபி அதிகம் குடிக்கிற மக்கள் என்பதால் பில்டர் காபிப் பொடியும் சின்ன பில்டரும்கூட எடுபடும்.

எதிர்பார்ப்பை இரண்டு இடத்தில் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்று, கல்லறை. சுவீடனில் கல்லறை இடத்துக்கு உரிமை காலவரையோடுதான் தருவார்கள், பெரும்பாலும் 25 ஆண்டு. புதுப்பிக்க ஆளில்லாவிட்டால் கல்லை எடுத்துவிட்டு இடம் வேறொருவருக்குப் போகும். அவருடைய தாத்தாவின் பெற்றோர் கல்லறையைப் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஞானஸ்நானம் நடந்த கோயில் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொன்று, வீடு. ஊரைவிட்டுப் போனவர்களில் நிறையப் பேர் நிலக்காரர்கள் அல்ல, தோர்ப் என்ற சின்னக் குடிசை நிலத்தில் இருந்தவர்கள். அந்தக் குடிசைகள் பல இன்று காட்டுக்குள். அடுப்பின் கற்குவியல், நிலவறையின் பள்ளம், யாரோ நட்டு இன்னும் பூக்கிற லைலாக் புதர், இவ்வளவுதான் மிச்சம். இடத்தைக் காட்டக்கூடியவர்கள் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தார். ஏறக்குறைய எல்லாப் பங்கிலும் அப்படி ஒரு சங்கம் உண்டு. பாழடைந்த தோர்ப்புகளுக்குப் பெயர்ப் பலகை வைத்து, யார் யார் குடியிருந்தார்கள் என்று பட்டியலிட்டு வைத்திருப்பார்கள். வழிகாட்டியிடம் சொல்லி அந்தச் சங்கத்திலிருந்து ஒருவரை அன்றைக்கு வரச் சொல்லுங்கள். சாலையிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள், மாமனாரின் முழங்கால் அதைப் பொறுத்தது. மடக்கு நாற்காலி ஒன்று காரில் இருக்கட்டும். காட்டுப் புல்லில் உண்ணி அதிகம். எல்லோருக்கும் முழுக்கால் சட்டை, சாயங்காலம் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் பார்த்துவிடுங்கள். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் பல மாதம் முன்பே கேளுங்கள், அது ஒரே ஊசியில் முடிவதில்லை.

வெக்ஷோவில் புலம்பெயர்ந்தோர் இல்லம் என்ற அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். உறவினரைப் பார்க்கும் முன் அங்கே போனால், ஏன் போனார்கள் என்பது புரியும். "சமாதானம், அம்மைப்பால், உருளைக்கிழங்கு" என்று மக்கள்தொகை பெருகியதற்கு கவிஞர் எசாயாஸ் தெக்னேர் சொன்ன காரணம் பிரபலம். அவர் வெக்ஷோவின் பேராயராகவும் இருந்தவர். பிள்ளைகள் பெருகினார்கள், கல்லுக்கு நடுவே இருந்த வயல் பெருகவில்லை. 1860களின் கடைசியில் பஞ்சம் வேறு. உங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அரை மணிக்கு மேல் தாங்காது. விம்மெர்பியில் சிறுவர் கதை எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் பெயரிலான குழந்தைகள் பூங்கா, கோஸ்டாவில் கண்ணாடி ஊதும் பட்டறை, இரண்டில் ஒன்றுக்கு ஒரு நாள் விடுங்கள்.

தேதியில் ஒரு கவனம். மிட்சமர் என்ற நடுக்கோடைப் பண்டிகை ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை. அன்று கடை, அலுவலகம், காப்பகம் பெரும்பாலும் மூடியிருக்கும், குடும்பங்கள் தங்களுக்குள் கூடும் நாள். அவர்களாக அழைத்தால் தவறவிடாதீர்கள். அழைக்காவிட்டால் சந்திப்பை அதற்கு நாலு நாள் முன்போ பின்போ வையுங்கள்.

கடைசியாக விசா. மற்றவர்களிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், அவர்கள் குறுகிய காலத்துக்கு விசா இல்லாமல் போகலாம். கிரீன் கார்டு இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், ஆக டிசம்பரிலேயே நேரம் பதிவு செய்யுங்கள். கோடைக்கு முன் இடம் கிடைப்பது கஷ்டம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இறங்கி ரயிலில் வெக்ஷோ போவது வசதியான வழிதான். அப்படிச் செய்தாலும் அதிக நாள் தங்குவது சுவீடன் என்றால் விண்ணப்பமும் சுவீடனுக்குத்தான். உறவினரிடமிருந்து பதில் கடிதம் வந்திருந்தால் அதன் நகலையும் விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். நிறுவனத்துக்கு மீதிப் பணத்தையும் அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு கட்டினால் போதும்.